குளச்சல் போருக்குப் புகைப்படம் இல்லை: கேமரா வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்து ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

நம்ம ஊர்ப் பெயர் உலக வரலாற்றுப் புத்தகங்களில் ஏறியது 1741-இல். மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் திருவிதாங்கூர் படை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை இந்தக் குளச்சலில் தோற்கடித்தது. பிடிபட்ட டி லனாய் பிற்பாடு அதே மகாராஜாவின் படைக்குத் தளபதியானார். அவர் சரணடைகிற காட்சியை பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது ஓவியரின் கற்பனை. புகைப்படக்கலை பாரிஸ் நகரத்தில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல்தான். நம்ம போருக்கு அது 98 வருடம் பிந்திவிட்டது. அன்று சண்டை போட்ட வீரர்கள், கரையில் நின்ற கடற்தொழிலாளிகள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் என்று ஒருவருடைய முகமும் நமக்குத் தெரியாது.

முகம் தெரியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இரண்டு கேள்விகள் வந்தன.

ஒன்று, துபாயில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டது. அவருடைய அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. "டீச்சர், அடுத்த வருஷம் லீவுக்கு வரும்போது மிரர்லெஸ் கேமரா ஒண்ணு வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். அம்மாவை நல்லா நாலு படம் எடுக்கணும். வீட்டுல 2009-ல வாங்கின சின்ன டிஜிட்டல் கேமராவும் கெடக்கு. அது போதுமா, புதுசு வேணுமா?" என்றார்.

இன்னொன்று, நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிற என் தங்கை மகன் கேட்டது. அவன் கேள்வி நேர் எதிர். "பெரியம்மா, உங்க பீரோவுல அந்தப் பழைய சின்ன கேமரா இருக்குல்லா, அதை எனக்குத் தருவீங்களா? இப்ப அதுக்குத்தான் மவுசு" என்றான்.

நாற்பது வயதுக்காரருக்குப் புதுசு வேண்டும். இருபது வயதுக்காரனுக்குப் பழசு வேண்டும். நான் கேமரா நிபுணர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் எந்தக் கேள்வி வந்தாலும், இதற்கு முன்னால் இதை யார் கேட்டார்கள், அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று தேடிப் பார்ப்பது என் பழக்கம். தேடியதில், நம்ம தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு 160 வருடத்துக்கும் மேல் வயது ஆகிறது என்று தெரிந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மெழுகுத் தாளா, கண்ணாடித் தட்டா?

1856-இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மாகாணத்தில் உள்ள கோவில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் படமெடுத்து ஆவணமாக்குவது அவருக்குத் தரப்பட்ட வேலை. 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். ரயில் கிடையாது. பெட்டிகள் எல்லாம் மாட்டு வண்டியில்.

அப்போது படமெடுக்க முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. புதிய வழி, ஈரக் கண்ணாடித் தட்டு. 1851-இல் வந்தது. கண்ணாடியில் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, அந்த ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். படம் துல்லியமாக விழும். ஆனால் போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரம் அடிக்க வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும். மதுரை வெயிலில் பூச்சு எவ்வளவு சீக்கிரம் காயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய வழி, தாள். 1841-இல் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது. நல்ல தாளில் மெழுகு ஏற்றி, மருந்து பூசிக் காயவைத்து, பல நாள் முன்னாலேயே தயார் செய்துகொள்ளலாம். கனம் இல்லை, உடையாது. படமெடுத்த பிறகு சாவகாசமாகக் கழுவலாம். குறை என்னவென்றால், தாளின் நார் லேசாகப் படத்தில் தெரியும், படம் விழ அதிக நேரம் எடுக்கும். ஆள் அசைந்தால் கலங்கிவிடும்.

டிரைப் பெரும்பாலும் தாளைத்தான் தேர்ந்தெடுத்தார். அவருக்குக் கண்ணாடி வேலை தெரியாமல் இல்லை, சில இடங்களில் அதையும் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் அவருடைய வேலை கோபுரத்தையும் மண்டபத்தையும் எடுப்பது. கோபுரம் அசையாது. பாதை நீளம், வெயில் கடுமை, வண்டி குலுங்கும். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் தாள்தான் சரி. அதனால் அவருடைய படங்களில் கட்டடங்கள் அருமையாக இருக்கும், ஆட்கள் மிகக் குறைவாக இருப்பார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதை இங்கே கவனியுங்கள்.

அவர் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடியில் சுற்றிவர வெட்டியிருக்கும் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். தஞ்சைக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்ற அறிஞர் அச்சில் பதிப்பித்தது 1890-களில்தான். அதற்கு முப்பது வருடத்துக்கு முன்னாலேயே அந்த எழுத்துகள் தாளில் பதிவாகிவிட்டன. மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை இடிந்து கிடந்த நிலையிலும் அவர் படமெடுத்திருக்கிறார். கவர்னர் நேப்பியர் காலத்தில் அதைப் பழுதுபார்த்தது பிறகுதான், 1866-க்கு அப்புறம்.

இவ்வளவு செய்தவருடைய வேலையை, 1859-இல் புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன் செலவு அதிகம் என்று சொல்லி நிறுத்திவிட்டார். ஆக, பணமும் அன்றே இந்தக் கணக்கில் இருந்தது.

நம்ம திருவிதாங்கூரில்

குளச்சல் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. இங்கே அரசுப் புகைப்படக்காரராக இருந்தவர் சக்கரியாஸ் டிக்ரூஸ். 1900-ஐ ஒட்டி அவருடைய தென்னிந்தியக் காட்சிகள் ஆல்பம் ஒன்று வைஸ்ராய் கர்சனிடம் போய்ச் சேர்ந்தது. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கேமரா என்றால் மூன்று கால் தாங்கியில் நிற்கும் பெட்டி. அரசரும் திவானும் வெள்ளைக்கார அதிகாரிகளும் எளிதாகப் படத்தில் வந்தார்கள். சாதாரண மனிதர் படத்தில் வர வேண்டுமென்றால் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போய், கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். நம்ம வீடுகளில் இருக்கும் பழைய படங்களில் தாத்தா பாட்டி ஏன் சிரிக்கவே இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். பயமும் ஒரு காரணம், அசையக்கூடாது என்ற கட்டளையும் ஒரு காரணம்.

பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் மிஞ்சியிருக்கும் படங்களையும் நெகட்டிவ்களையும் தேடிப் பிடித்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். வரலாற்றில் பெயர் இல்லாத குடும்பங்களின் முகம் அப்படித்தான் மிஞ்சியிருக்கிறது.

சின்ன கேமராவும் பெரிய கேமராவும் ஒரே ஆசிரமத்தில்

1888-இல் அமெரிக்காவில் கோடாக் பெட்டிக் கேமரா வந்தது. 100 படம் எடுத்துவிட்டு கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் கழுவி அச்சிட்டுத் தருவார்கள். 1900-இல் பிரௌனி என்ற கேமரா ஒரு டாலருக்கு வந்தது. 1925-இல் ஜெர்மனியில் லைக்கா விற்பனைக்கு வந்தது. அதைச் செய்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. கனமான கேமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு மலை ஏற அவரால் முடியவில்லை. அதனால் சினிமாப் பிலிம் சுருளைப் போட்டு, சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒன்றைச் செய்தார். படத்தின் அளவு 24-க்கு 36 மில்லிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது திருவண்ணாமலைக்கு வாருங்கள். ரமண மகரிஷியின் படங்களில் வீட்டுச் சுவர்களில் அதிகம் தொங்குவது, சிரித்த கண்களோடு மார்பளவில் இருக்கும் படம். அதை 1946-இல் எடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் என்ற ஸ்டூடியோக்காரர். நிதானமாக, ஒளி பார்த்து எடுத்த உருவப்படம்.

1950 ஏப்ரலில் மகரிஷி நோயில் கிடந்தபோது அங்கே வந்திருந்தவர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் கையில் இருந்தது சின்ன லைக்கா. காந்தியடிகளை, அவர் சுடப்பட்ட 1948 ஜனவரி 30 அன்றே, சில மணி நேரத்துக்கு முன் படமெடுத்தவரும் இவர்தான். ஆசிரமத்தில் மகரிஷியின் கடைசி நாட்களை, கூட்டத்தின் முகத்தை, துக்கத்தை அவர் சத்தமில்லாமல் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் போனதைத் தானே பார்த்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். மகரிஷி மறைந்ததும் அந்த நேரத்தில்தான்.

நோயாளியின் அறைப் பக்கம் மூன்று கால் பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. அதேபோல, வீட்டில் மாட்டி வைக்கும் உருவப்படத்துக்கு வெல்லிங்கின் நிதானம் வேண்டும். இரண்டு படமும் தேவைதான். இரண்டுக்கும் ஒரே கருவி போதாது.

புதுசே வேண்டாம் என்றவர்

எல்லோரும் சின்னதுக்கு மாறிய காலத்தில் பெரியதையே பிடித்துக்கொண்டிருந்தவரும் நம்ம ஆள்தான். மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டுயிர் எழுத்தாளர், புகைப்படக்காரர். 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் சாகும் வரை விடாமல் இயற்கை பற்றி எழுதினார். அவர் கடைசிவரை கருப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு பெரிய கேமராவைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். முதுமலையில் யானை மேல் ஏறிப் போய்ப் படமெடுப்பார். சின்னப் பிலிமைவிடப் பெரிய பிலிமில் விலங்கின் தோலும் மயிரும் தெளிவாக விழும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஊரில் எல்லோரும் என்ன வாங்குகிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை.

நம்ம காலத்துக் கேமராக்கள்

இனி நம்ம காலம். அறுபது வயதைத் தாண்டிய என் சொந்தக்காரர்களுக்கு அக்ஃபா கிளிக் 3 ஞாபகம் இருக்கும். ஒரு சுருளில் 12 படம், சதுரமாக வரும். ஊட்டியில் 1960-இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' பிலிமும் ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். நல்ல கேமரா என்றால் கல்ஃபிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான். எண்பதுகளில் யாஷிகாவும் ஹாட் ஷாட்டும் வந்தன, பிறகு கோடாக்கின் கேபி 10 வந்தது. சுருளுக்கு 36 படம். கல்யாணத்துக்கு மூன்று சுருள் என்றால் பெரிய செலவு. அதனால் யாரை நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று யோசித்து யோசித்து எடுப்பார்கள். கழுவக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து, கவரைப் பிரிக்கும்போது இருந்த ஆவலை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

1975-இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவ் சாசன் என்ற பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்தார். 3.6 கிலோ எடை. ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 விநாடி. வெறும் 10,000 புள்ளிகள். பிலிம் வியாபாரத்தில் கொழித்த அந்தக் கம்பெனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

சின்ன டிஜிட்டல் கேமராக்களின் உச்சம் 2010. ஜப்பான் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்கள் அந்த ஒரு வருடத்தில் ஏறக்குறைய 10 கோடியே 80 லட்சம் போயின. 2023-இல் ஏறக்குறைய 17 லட்சம். நூற்றுக்கு இரண்டு கூட மிஞ்சவில்லை. மிச்சத்தைக் கைபேசி விழுங்கிவிட்டது.

மிரர்லெஸ் என்றால் என்ன?

இதைப் பலர் தப்பாகப் புரிந்திருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர்கள் கழுத்தில் தொங்கும் பெரிய கேமராவுக்குள் 45 பாகை சாய்வாக ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அமுக்கினால் 'டக்' என்று மேலே தூக்கிக்கொள்ளும். அந்தச் சத்தம் அதுதான். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்சாரில் விழும் படத்தையே சின்னத் திரையில் காட்டினால் அதுதான் மிரர்லெஸ். லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். 2008-இல் பானசோனிக் ஜி1 இந்த வகையில் முதலாவதாக வந்தது. 2020-இல் இந்த வகை, கண்ணாடி வைத்த கேமராக்களை விற்பனையில் முந்திவிட்டது.

ஆனால் பிள்ளைகளே, உங்கள் பீரோவில் கிடக்கும் சின்ன கேமராவிலும் கண்ணாடி கிடையாது. 1925-இன் லைக்காவிலும் கிடையாது. ஆகவே கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமே இல்லை. ஒளி விழும் சென்சாரின் அளவுதான் விஷயம்.

ஒரு கணக்குப் போடுவோம். 'முழுச் சட்டகம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, பார்னாக் வைத்த அதே 24-க்கு 36 மில்லிமீட்டர். பரப்பளவு 864 சதுர மில்லிமீட்டர். ஒரு தபால்தலை அளவு. சாதாரணச் சின்ன கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6.2-க்கு 4.6. பரப்பளவு 28 அல்லது 29. ஒரு துவரம்பருப்பு அளவு. முப்பது மடங்கு வித்தியாசம். மழைக்குப் பானையை வைத்தால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், டம்ளரை வைத்தால் எவ்வளவு பிடிக்கும்? ஒளியும் அப்படித்தான். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில், இரவுத் திருவிழாவில் பானை ஜெயிக்கும். காலை வெயிலில் திண்ணையில் டம்ளரே நிரம்பிவிடும்.

இன்னொரு கணக்கு. 6-க்கு 4 அங்குலப் படம் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 1800 பெருக்கல் 1200, அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் போதும். 12-க்கு 8 அங்குலத்துக்கு 86 லட்சத்து 40 ஆயிரம். 2009-இல் வந்த சின்ன கேமராவில் பெரும்பாலும் ஒரு கோடி புள்ளிகள் இருக்கும். சுவரில் மாட்டும் அளவு அச்சுக்கு அது தாராளம்.

அப்படியானால் பதில்?

துபாய் மாணவருக்கு: தம்பி, அம்மாவைப் படமெடுக்கக் கேமராவுக்காக அடுத்த வருடம் வரை காத்திருக்காதே. அந்தச் சின்ன கேமரா போதும். இல்லையென்றால் உன் கையில் இருக்கும் புதிய கைபேசியே பல விஷயங்களில் அதைவிட மேல். காலை ஏழு, எட்டு மணிக்கு அம்மாவை முற்றத்து நிழலில் உட்கார வை. பிளாஷ் வேண்டாம். மீன் கழுவும்போது, பூப்பறிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிச் சிரிக்கும்போது எடு. நீ வர முடியாவிட்டால் உன் தங்கையை எடுக்கச் சொல். டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தைக் கேமராவில் போட்டுவிட்டு லீவைத் தள்ளிவைக்காதே. வாங்கக் கூடியது கேமரா. அம்மாவின் எழுபத்தொன்பதாவது வயது திரும்ப வராது.

நாகர்கோவில் பிள்ளைக்கு: தாராளமாக எடுத்துக்கொள்ளடா. கைபேசி தானாக முகத்தை மெழுகிவிடுகிறது, இது அப்படிச் செய்வதில்லை என்கிறாய். சரிதான். ஆனால் மூன்றைச் சோதித்துப் பார். பாட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடாதே, மாற்று. மெமரி கார்டு இன்னும் கிடைக்கும் வகையா பார். ரொம்பப் பழைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேல் கார்டை ஏற்காது, சிலவற்றின் கார்டே இப்போது தயாரிப்பில் இல்லை. லென்ஸ் தடங்கலில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று பார். நம்ம கடற்கரை மணல் ஒரு துகள் உள்ளே போனாலும் அது சிக்கிக்கொள்ளும். இதற்குப் பழைய சாமான் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறாதீர்கள் என்று உன் நண்பர்களுக்கும் சொல்.

மிரர்லெஸ் யாருக்கு வேண்டும்? கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு, பறவை பார்க்கிறவர்களுக்கு, ராத்திரித் திருவிழாவும் விளையாட்டும் எடுக்கிறவர்களுக்கு வேண்டும். வருமானம் தரும் கருவி என்றால் கடன் வாங்கியும் வாங்கலாம், கணக்குப் போட்டுவிட்டு. லென்ஸோடு சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். நம்ம ஊர் உப்புக்காற்றில் கடற்கரையில் நின்று லென்ஸை மாற்றக்கூடாது. மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் வெளியே எடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வையுங்கள்.

எடுத்த படம் எங்கே?

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது இனிதான்.

2004 டிசம்பர் 26. நம்ம குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் போனார்கள். அதற்குப் பிறகு வீடுகளில் துக்கம் கேட்கப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். உயிரோடு மிஞ்சியவர்கள் முதலில் தேடியது படத்தை. வீட்டோடு ஆல்பமும் போயிருந்தது. குழந்தையின் முகம் எங்கேயாவது இருக்கிறதா என்று சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் தேடினார்கள். பள்ளியில் எடுத்த வகுப்புப் படத்தைக் கேட்டு வந்தார்கள். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்ற ஒரு முகத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். 2017-இல் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராதபோதும் இதே தேடல்தான்.

அந்த வகுப்புப் படத்தை எடுத்தவர் எந்தக் கேமராவில் எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. படம் தாளில் இருந்தது, இன்னொரு வீட்டில் இருந்தது, அதனால் கிடைத்தது.

2011-இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது மியாகி மாகாணத்து யமமோட்டோ என்ற சிற்றூரில், சேற்றிலிருந்து மட்டும் ஏறக்குறைய 7,50,000 புகைப்படங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, டிஜிட்டல் ஆக்கி, உரியவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். கடல் நீரில் கிடந்த தாளிலிருந்து ஒரு முகத்தை மீட்க முடிந்தது. பூட்டுப் போட்ட கைபேசிக்குள் கிடக்கும் பத்தாயிரம் படத்தை, அந்தப் பூட்டின் எண் தெரிந்தவர் போய்விட்டால், யார் எடுப்பார்கள்?

டிரைப்பின் தாள் நெகட்டிவ்களும் அச்சுகளும் 160 வருடம் தாண்டி இருக்கின்றன என்றால், அவற்றைத் தொகுதிகளாக்கி, எந்த ஊர், எந்தக் கோவில் என்று எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருந்ததுதான் காரணம். அரசாங்கம் அவருடைய வேலையை நிறுத்தியது, படங்களை அழிக்கவில்லை. அதனால் நமக்குக் கிடைத்தன.

ஆகவே பழைய வழக்கப்படி வீட்டுப்பாடம் தருகிறேன். ஓய்வு பெற்றாலும் இந்த உரிமை எனக்கு உண்டு.

1. இந்த வருடம் எடுத்த படங்களில் பத்தே பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டு பிரதி அச்சிடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று கடலிலிருந்து தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில்.

2. ஆல்பத்தில் படத்துக்குக் கீழே பெயர், உறவு, ஊர், வருடம் நான்கையும் எழுதுங்கள். 'அம்மா' என்று மட்டும் எழுதாதீர்கள். ஐம்பது வருடம் கழித்து யாருடைய அம்மா என்று தெரியாது.

3. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பழைய படங்களை எடுத்துவைத்து, இதில் நிற்பவர் யார் என்று கேட்டு இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விடும்.

4. வீட்டில் எப்போதும் படமெடுப்பவர் ஒருவர் இருப்பார். அவர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். கேமராவை வாங்கி அவரை ஒரு படம் எடுங்கள்.

டிசம்பர் மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். முடித்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
குளச்சல்.